'ரெஸ்ட் எடுங்க' என்று சொல்லாதீர்கள்!

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு இந்த வாரத்தை ஆரம்பிக்கிறேன்.

2018-ம் வருஷம். கும்பகோணத்தில் என் சித்தப்பா வீட்டு ரேழியில் நின்றிருந்த அவருடைய பழைய சைக்கிளைப் பூட்டினேன். சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன். 'பெரிய காரியம் செய்துவிட்டோம்' என்று எனக்குள் ஒரு பெருமை வேறு!

சித்தப்பாவுக்கு அப்போது 63 வயது. ரைஸ் மில்லில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். நான் பி.காம். சேர்ந்தபோது, கல்லூரி வாத்தியார் ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்தும் புரியாத பற்று வரவை, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் புரியவைத்தவர். தினமும் காலையில் மார்க்கெட்டுக்கு சைக்கிள். சாயங்காலம் மகாமகக் குளத்தைச் சுற்றி நாலு ரவுண்டு நடை. அவருக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். "உடனே ஆபரேஷன் வேண்டாம். முதல்ல கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்குவோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நாலு தடவை. அப்புறம் ஆபரேஷன். அதுக்கு அப்புறம் மறுபடியும் நாலு."

எழுந்திருக்கும்போது சித்தி கேட்டார்: "டாக்டர், இந்த ரெண்டு மாசமும் இவர் என்ன செய்யணும்?"

டாக்டர் அடுத்த ஃபைலைத் திறந்துகொண்டே சொன்னார்: "ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்."

அவ்வளவுதான். வீட்டில் அது சட்டமாகிவிட்டது.

மார்க்கெட் போக நினைத்தால் தடை. மாடிக்குப் போனால் சித்தி சத்தம் போடுவார். குளத்தங்கரைக்கு ஒருநாள் கிளம்பியவரை எதிர்வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்து கட்டிலில் உட்கார வைத்தார். "என்ன சார் இது, இந்த நேரத்துல அலையலாமா?" பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும், வாயில் 'ரெஸ்ட் எடுங்க'வோடும் வந்தார்கள். கடைசியாக நான் போனேன். சைக்கிளைப் பூட்டினேன்.

"டேய், என்னை ஏண்டா நாற்காலியில கட்டிப் போடறீங்க? நல்லாத்தானே இருக்கேன்" என்றார். "நீங்க சும்மா இருங்க சித்தப்பா. ரெண்டு மாசம்தானே" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க, மயக்க மருந்து டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் முதலில் கேட்ட கேள்வி இது: "ரெண்டு மாடி, நடுவுல நிக்காம ஏறுவீங்களா?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்குத்தான் இந்தக் கட்டுரை.

மயக்க மருந்து டாக்டர் எல்லோரிடமும் கேட்கிற சாதாரணக் கேள்விதான் அது. மாடி ஏறுகிற தெம்பு இருந்தால், பெரிய ஆபரேஷனைத் தாங்குகிற தெம்பு இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இருக்கும் என்று ஒரு கணக்கு. இரண்டு மாதத்துக்கு முன்னால் அதே ஆள் இரண்டு மாடி ஏறி வடாம் காயப்போட்டுவிட்டு வந்தவர்!

ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. நிமோனியா. பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றவர்கள் 24 நாள் வைத்திருந்தார்கள். அப்போதுதான், வாழ்க்கையில் முதல்முறையாக, சித்தப்பா முன்னால் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கருவி. மூச்சை இழுத்தால் மூன்று பந்துகள் மேலே எழும்பும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சமாசாரம். வயிற்றில் தையலோடு, மூக்கில் குழாயோடு இருந்த மனிதரிடம், "இழுங்க சார், இழுங்க" என்றார் அவர். முதல் பந்துகூட எழும்பவில்லை.

நான் கேட்கிறேன்: இந்தக் கருவியை இரண்டு மாதத்துக்கு முன்னால், தையல் இல்லாத வயிற்றோடு, ஈஸிசேரில் வெறுமனே உட்கார்ந்திருந்தாரே... அப்போது ஏன் யாரும் கையில் கொடுக்கவில்லை?

ஆபரேஷனுக்குப் பிறகு தரவேண்டிய நான்கு கீமோவில் ஒன்றைத்தான் அவரால் தாங்க முடிந்தது. 2020-ல் நோய் திரும்பி வந்தது. அந்த வருஷமே சித்தப்பா போய்ச் சேர்ந்தார்.

சைக்கிளைப் பூட்டாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. அவர் நோய் கடுமையான நோய். ஆனால் ஒரு பெரிய சண்டைக்குப் போகிற மனிதரை, இரண்டு மாதம் சாப்பாடு போட்டு உட்கார வைத்துப் பலவீனமாக்கி அனுப்பினோம். அதை அன்பு என்று வேறு நினைத்துக்கொண்டோம். இதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

நான் டாக்டர் இல்லை, கணக்குப் படித்தவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

உடம்பில் உள்ள தெம்பு ஒரு சேமிப்புக் கணக்கு. ஆபரேஷன் என்பது ஒரே நாளில் அதிலிருந்து எடுக்கப்போகிற பெரிய தொகை. இரைப்பை, உணவுக்குழாய், கணையம், மலக்குடல் மாதிரி ஆபரேஷன்களில் எடுக்கிற தொகை ரொம்பப் பெரிசு. எடுத்த பிறகும் மிச்சம் இருந்தால் எழுந்து உட்காருவீர்கள். மிச்சம் இல்லையென்றால் நிமோனியா, தொற்று, ஐ.சி.யூ. என்று வட்டியும் சேர்த்துக் கட்டவேண்டும்.

ஆபரேஷன் தேதி இரண்டு மாதம் முன்கூட்டியே தெரியும். அந்த இரண்டு மாதமும் கீமோ தன் பங்குக்குக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய்க்காரர்களை கீமோவுக்கு முன்னும் பின்னும் சைக்கிள் மிதிக்கவிட்டுப் பரிசோதித்து, அவர்களுடைய உடல் தகுதி குறைவதை இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 2014-லேயே எழுதிவிட்டார்கள். சரி, கீமோவை நிறுத்த முடியாது. அது உயிர் காக்கும் செலவு. ஆனால் வரவு? வரவை நிறுத்தியது யார்? நாம்தான். 'ரெஸ்ட்' என்று சொல்லி நிறுத்தினோம்.

ரெஸ்ட் என்றால் செலவே இல்லை என்று நினைக்கிறோம். அங்கேதான் தப்பு. சும்மா நிறுத்தி வைத்த லாரிக்கும் தேய்மானம் உண்டு என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித் தருகிறார்கள். உடம்புக்கு அந்தத் தேய்மானம் பயங்கரம்.

அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 1966-ல் ஒரு பரிசோதனை செய்தார்கள். 20 வயது ஆரோக்கியமான வாலிபர்கள் ஐந்து பேர். மூன்று வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது. அவ்வளவுதான் பரிசோதனை. 30 வருஷம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். உழைக்கும் சக்தியில் 30 வருஷ வயோதிகம் செய்த சேதத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது!

அவர்கள் வாலிபர்கள். 2007-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆரோக்கியமான வயதானவர்களை 10 நாள் படுக்கவைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை காணாமல் போனது. வியாதி இல்லை, கீமோ இல்லை, வாந்தி இல்லை. வெறும் ரெஸ்ட். பத்தே நாள்.

நாம் சித்தப்பாவுக்குக் கொடுத்தது அறுபது நாள்.

'டாக்டரே சொன்னாரே சார்' என்பீர்கள். டாக்டர்கள் ரெஸ்ட் விஷயத்தில் முன்பும் ஒருமுறை தப்பு செய்திருக்கிறார்கள். மாரடைப்பு வந்தவர்களை நாலு வாரம், ஆறு வாரம் அசையாமல் படுக்கவைத்த காலம் ஒன்று இருந்தது. 1950-களின் ஆரம்பத்தில் பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லௌன் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மற்ற டாக்டர்கள் பதறினார்கள். கடைசியில் ஜெயித்தது நாற்காலி. இன்று மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவரை மறுநாளே நடக்கவிடுகிறார்கள். சிசேரியன் ஆன பெண்ணை மறுநாளே எழுப்பிவிடுகிறார்கள். புற்றுநோய் என்றால் மட்டும் நமக்கு இன்னும் கட்டில்தான் ஞாபகம் வருகிறது.

ஏன் தெரியுமா? பயம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் தொடங்கியபோது, கேன்சர் என்றால் சாவு என்று இந்த ஊரே நம்பியது. டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை அந்தப் பயத்தோடுதான் மல்லுக்கட்டினார். பயம் பாதி போய்விட்டது. மீதிப் பாதிதான் 'ரெஸ்ட் எடுங்க' என்று நாகரிகமாகப் பேசுகிறது. வெளிப்படையாகச் சொல்லட்டுமா? உயிரோடு இருக்கிற மனிதருக்கு நாம் முன்கூட்டியே துக்கம் காக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

வெளியே உலகம் எங்கே போய்விட்டது என்று பாருங்கள்.

கனடாவில் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்கோ கார்லி என்ற மயக்க மருந்து டாக்டரின் குழு, பல வருஷமாக இதே வேலையாக இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு பயிற்சி கொடுப்பதை, ஆபரேஷனுக்கு முன்னாலேயே கொடுத்தால் என்ன? குடல் புற்றுநோய்க்காரர்கள் 77 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கி வீட்டிலேயே நடை, தசைப் பயிற்சி, புரதச் சாப்பாடு, மனதை நிதானப்படுத்தும் பயிற்சி. இன்னொரு பாதிக்கு இதே எல்லாம், ஆபரேஷனுக்குப் பிறகு. 2014-ல் முடிவு வந்தது. எட்டு வாரம் கழித்து, முன்பே தொடங்கியவர்களில் 84 சதவிகிதம் பேர் பழைய தெம்புக்கு வந்துவிட்டார்கள். பிறகு தொடங்கியவர்களில் 62 சதவிகிதம்தான். சிக்கல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எழுந்து நடப்பதில் வித்தியாசம் இருந்தது.

அதே குழு 2018-ல் உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய்க்காரர்கள் 51 பேரை வைத்து இன்னொரு முடிவை வெளியிட்டது. நோயாளிகளில் பலர் ஆபரேஷனுக்கு முந்தைய கீமோவில் இருந்தவர்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். வீட்டில் பயிற்சி செய்தவர்கள் ஆபரேஷன் தேதிக்குள் சராசரியாக சுமார் 37 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். செய்யாதவர்கள் சுமார் 23 மீட்டர் குறைவாக நடந்தார்கள். ஒரே நோய், ஒரே மாதிரி சிகிச்சை. ஒருவர் கணக்கில் வரவு, இன்னொருவர் கணக்கில் பற்று!

கவனித்தீர்களா வருஷத்தை? 2018. நான் சைக்கிளைப் பூட்டிய அதே வருஷம்.

2023-ல் ஐரோப்பாவிலிருந்து இன்னொன்று. குடல் புற்றுநோய்க்காரர்கள் 251 பேர். நாலு வாரப் பயிற்சி, சத்துணவு, சிகரெட்டை விட உதவி, மனசுக்குத் தைரியம். பயிற்சி பெற்றவர்களில் 17 சதவிகிதம் பேருக்குத்தான் கடுமையான சிக்கல் வந்தது. பெறாதவர்களில் கிட்டத்தட்ட 30 சதவிகிதம். ஆனால் இது ஆஸ்பத்திரியில் ஆட்கள் பக்கத்தில் நின்று செய்யவைத்த பயிற்சி. வீட்டுப் பயிற்சி இல்லை. அந்த வித்தியாசத்தை மறைத்து எழுதினால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

எதிர்க்கட்சி ஆதாரத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையத்தில், கணையப் புற்றுநோய்க்காரர்களுக்கு கீமோ நடக்கும்போதே வீட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். வாரத்துக்கு 60 நிமிடம் வேக நடை, 60 நிமிடம் ரப்பர் பட்டை இழுத்துத் தசைப் பயிற்சி. முதல் ஆய்வில் நோயாளிகள் சொன்னபடி செய்தார்கள், தெம்பு கூடியது. பிற்பாடு இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டபோது, ஆறு நிமிட நடையில் இரு குழுக்களுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, வீட்டுப் பயிற்சி மந்திரக்கோல் இல்லை. யாருக்கு, எவ்வளவு, யார் கண்காணிப்பில் என்பதை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இந்த ஆராய்ச்சிக்காரர்களுக்குள் சண்டையே இல்லை. கட்டிலில் போட்டு வை என்று யாரும் சொல்லவில்லை.

அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர்களின் சங்கம் 2022-ல் எழுத்திலேயே கொடுத்துவிட்டது: குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை நடக்கும்போது, நடை மாதிரியான பயிற்சியையும் தசைப் பயிற்சியையும் டாக்டர்கள் நோயாளிக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று. பரிந்துரைக்க வேண்டும்! தடுக்காமல் இருந்தால் போதும் என்று அல்ல.

சரி, வீட்டில் என்ன செய்வது? ஜிம் வேண்டாம். சொல்லப்போனால் ஜிம் கூடவே கூடாது. கீமோ போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிப் போயிருக்கும். நாலு பேர் தும்முகிற இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது. அதனால்தான் வீடு.

ஒரு நாற்காலி போதும். கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பது. பத்து தடவை. முடியவில்லையா? மூன்று தடவை. நாளைக்கு நாலு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு இருந்தால் கைகளுக்குப் பயிற்சி. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. மூன்று பந்து கருவியோடு மூச்சுப் பயிற்சி. மொட்டை மாடியிலோ தெருவிலோ நடை. எவ்வளவு வேகம்? நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் அளவு. கூடவே புரதம். ஹார்லிக்ஸ் அல்ல, முட்டை, பருப்பு, பால், மீன். உங்கள் எடைக்கு எத்தனை கிராம் என்று ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் கேட்டு வாங்குங்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நோய் எலும்புக்குப் பரவியிருக்கலாம். ரத்தத்தில் தட்டணுக்களோ ஹீமோகுளோபினோ ரொம்பக் குறைந்திருக்கலாம். சில கீமோ மருந்துகள் இதயத்தைத் தொடும். சில மருந்துகள் பாதத்தை மரத்துப்போகச் செய்யும், தடுக்கி விழலாம். கையிலோ மார்பிலோ குழாய் வைத்திருக்கலாம். இதற்கெல்லாம் பயிற்சி மாறும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பயிற்சியும் கிடையாது, வீட்டு வைத்தியமும் கிடையாது. ராத்திரி இரண்டு மணியானாலும் நேராக ஆஸ்பத்திரி. நெஞ்சு வலி, தலைசுற்றல், மூச்சுத் திணறல் வந்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. 'நடந்தாலே போதும், கீமோவே வேண்டாம்' என்று சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இடமில்லை. ஆபரேஷனையும் கீமோவையும் தாங்குவதற்குத்தான் பயிற்சி. அவற்றுக்குப் பதிலாக அல்ல.

இப்போது உங்கள் ஆட்சேபணைகள்.

'கீமோ போட்டுக்கொண்டு வந்த அன்று எழுந்து உட்காரவே முடியாது சார், உங்களுக்கு என்ன தெரியும்?' நியாயம். அந்த நாட்களில் படுங்கள். வாந்தி எடுத்துக்கொண்டே நாற்காலியில் எழுந்து உட்காரச் சொல்பவன் மனிதனே அல்ல. ஆனால் பதினான்கு நாளில் எல்லா நாளும் அப்படி இருப்பதில்லை. நல்ல நாள் வருகிறது. அந்த நல்ல நாளையும் நாம்தான் கட்டிலில் போட்டுப் பூட்டுகிறோம். கீமோ தரும் களைப்புக்குப் படுக்கை மருந்தல்ல, அளவான நடைதான் அதைக் குறைக்கிறது என்பது திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை.

'எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ரெஸ்ட்டே கிடையாது சார். கீமோ முடிந்து வந்து சமைக்கிறாள். இதற்கு மேல் பயிற்சியா?' இந்தக் கேள்விக்கு முன்னால் நான் தலை குனிகிறேன். நம் ஊரில் ரெஸ்ட் என்பது ஆம்பளைகளுக்கான சட்டம். மார்பகப் புற்றுநோயோடு கீமோ எடுத்துக்கொண்டு குடம் தூக்குகிற பெண்ணுக்கு முதலில் தேவை, அந்தக் குடத்தை வாங்கிக்கொள்கிற ஒரு புருஷன். வீட்டு வேலை வேறு, பயிற்சி வேறு. வேலை மற்றவர்களுக்காக, முடியாத நேரத்திலும் செய்வது. பயிற்சி தனக்காக, முடிகிற நேரத்தில், முடிகிற அளவு செய்வது. தினம் அரை மணி நேரம் அவளுக்கென்று ஒதுக்கி, அந்த அரை மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

'அப்படியானால் சிக்கல் வந்தவர்கள் எல்லாம் சோம்பேறிகளா? நோயாளி மீதே பழியா?' இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லவே இல்லை. தினம் பத்து கிலோமீட்டர் ஓடியவருக்கும் சிக்கல் வரும். என் குற்றச்சாட்டு நோயாளி மீது அல்ல. சொல்லிக் கொடுக்காதவர்கள் மீது.

யார் அவர்கள்?

சித்தப்பாவின் ஆஸ்பத்திரி பில் மொத்தம் 11 பக்கம். கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன் அல்லவா, வரி வரியாகப் படித்தேன். கையுறைக்கு ஒரு வரி. பஞ்சுக்கு ஒரு வரி. ஆபரேஷனுக்குப் பிறகு பிசியோதெரபி, தினமும் ஒரு வரி. ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு மாதத்தில் பிசியோதெரபிக்கு ஒரு வரிகூட இல்லை. பஞ்சுக்கு இருந்த யோசனை காலுக்கும் மூச்சுக்கும் இல்லை. ஏன்? பேக்கேஜில் அது இல்லை. பேக்கேஜில் இல்லாததை இன்ஷூரன்ஸ் தராது. இன்ஷூரன்ஸ் தராததை யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஐ.சி.யூ.வில் கூடுதலாகப் பதினான்கு நாள் என்றால் பில் போடத் தெரிகிறது. அந்தப் பதினான்கு நாளைத் தவிர்க்கப் பார்க்கும் அரை மணி நேர ஆலோசனைக்கு பில் புத்தகத்தில் பக்கமே இல்லை!

டாக்டர்களைத் திட்டுவது சுலபம். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவருக்கு, சித்திக்கு உட்கார்ந்து விளக்க எங்கே நேரம்? ஆனால் பக்கத்து அறையில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை உட்கார வைத்திருக்கலாம். நாலு படம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்திருக்கலாம். அதற்கு என்ன செலவு? ஜெராக்ஸ் செலவு!

அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வரும். படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி. நல்ல திட்டம், மனசார பாராட்டுகிறேன். வீட்டுக்கு வர பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு, பாதையும் போட்டாயிற்று. படுக்கையில் விழுந்த பிறகு வீட்டுக்கு வருகிறவர், விழாமல் இருக்க இரண்டு மாதம் முன்னால் வந்தால் என்ன? கீமோ தொடங்கும் நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சீட்டு அந்தப் பகுதி ஊழியருக்குப் போகட்டும். வாரத்துக்கு ஒருமுறை வந்து நாற்காலியில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணிக் குறிக்கட்டும். புதிய கட்டடம் வேண்டாம், புதிய மெஷின் வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமானாலும் தனியார் பாலிசியானாலும், புற்றுநோய் ஆபரேஷன் பேக்கேஜில் ஒரு வரி சேர்க்கட்டும்: 'ஆபரேஷனுக்கு முந்தைய பயிற்சி ஆலோசனை'. ஒரே ஒரு வரி.

அரசாங்கமும் ஆஸ்பத்திரியும் அசைய நாளாகும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது.

உங்கள் தெருவில், ஆபீஸில், சொந்தத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்கு முன் கீமோ நடந்துகொண்டிருக்கும். போய்ப் பாருங்கள். அவர் இருமுகிற அன்றோ, உங்களுக்குச் சளி பிடித்த அன்றோ போகாதீர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 'டாக்டர் கிட்ட இதைக் கேட்டீங்களா: நான் எவ்வளவு நடக்கலாம்? என்ன பயிற்சி செய்யலாம்? எதைச் செய்யக்கூடாது?' என்ற மூன்று கேள்வியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டாக்டர் சரி என்றாரா? அடுத்த தடவை சாயங்காலம் போங்கள். வாசலில் நின்று, 'வாங்க சித்தப்பா, தெரு முனை வரைக்கும் போயிட்டு வரலாம்' என்று கூப்பிடுங்கள். அவர் வேகத்துக்கு நடங்கள். மூச்சு வாங்கினால் நில்லுங்கள். திரும்ப அழைத்து வந்து வீட்டில் விடுங்கள்.

'ரெஸ்ட் எடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்த சைக்கிளைச் சித்தி இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. சாவி என் மேஜை டிராயரில் இருக்கிறது. நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவரும் கேட்கவே இல்லை.